மூன்றாவது காரணம்

1

நாங்கள் கனடாவில் வந்து இறங்கிய நாளை என் கணவர் வருஷம் தவறாமல் கேக் வாங்கிக் கொண்டாடுவார். மனுஷருக்கு அதில் ஒரு குஷி. இந்த வருஷமும் வாங்கி வந்து மேசைமேல் வைத்திருந்தார். நான் தொடவில்லை. அன்றைக்குக் காலையில்தான் கேரளத்து வண்டிப்பெரியாரிலிருந்து என் மைனி, அண்ணன் மனைவி, கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லியிருந்தார்.

"இப்பவே எழுதாத செலின், கொஞ்சம் ஆறப்போட்டு எழுது" என்றார் கணவர். ஆறப்போட்டேன். சோறுதான் ஆறும்போல, இது ஆறவில்லை. எனவே கோபத்தோடேயே எழுதுகிறேன். ஊரில் படிக்கிற யாருக்காவது சுட்டால் சுடட்டும்.

என் அண்ணன் மகள் அபிஷா நாலாம் வகுப்பு படிக்கிறாள். வீடு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. தேயிலைக்காட்டைத் தாண்டினால் அரசாங்கப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியத்தை இந்த வருஷத்தோடு மூடிவிட்டு, இருக்கிற பிள்ளைகளை மலையாள மீடியத்தில் சேர்த்துவிடலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். பெற்றோர் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அபிஷா ஒரு பத்தி வாசித்தாள். அப்படிப் பத்தி எழுதச் சொல்லிக்கொடுத்தது நான். இங்கே சமையலறை மேசையில் உட்கார்ந்து, செல்போன் வழியாக.

2

முதலில் என் பிழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவுக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியை. லேசில் கிடைத்த வேலை இல்லை. ஊரில் ஆசிரியர் பயிற்சி முடித்து, லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்திவிட்டுத்தான் வந்தேன். இங்கே என் சான்றிதழை ஒருவரும் நம்பவில்லை. பயிற்சியில் என்னென்ன படித்தாய், பாடத்திட்டத்தைக் கொண்டுவா என்றார்கள். ஊரிலிருந்து வந்த பாடத்திட்டம் மலையாளத்தில் இருந்தது. அதை மொழிபெயர்த்துக் கொடுத்தால், "நீங்கள் தமிழ் வழியில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள், கேரளத்தின் மொழி மலையாளம் அல்லவா?" என்று கேட்டு ஒரு மின்னஞ்சல். கேரளத்தில் தமிழ் பேசுகிற ஆட்களும் உண்டு, மலைமேல் தேயிலை கிள்ளுகிறவர்கள் நாங்கள்தான் என்று நான் அவர்களுக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்துக்கே அது ஒழுங்காகப் புரியாதபோது டொராண்டோவுக்கு எங்கே புரியும்! அது புரிகிறவரைக்கும் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியை நல்ல மாதிரியான பெண்மணி. "வீட்டுப்பாடம் கொடுப்பதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்றார். "நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறேன்" என்றேன். அவருக்கு என் பதில் விளங்கவில்லை. "நான் உங்களைத்தானே கேட்டேன்?" என்றார். அந்த வயதுவரை என் கருத்து என்ன என்று பதவியில் இருக்கிற ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

இப்போது அதையே சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றாம் வகுப்பில் கருத்துப் பத்தி என்று ஒன்று உண்டு. முதல் வரியில் உன் கருத்து. அப்புறம் 'ஏனென்றால்' போட்டு மூன்று காரணம். ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு. கடைசியில் கருத்தை வேறு சொற்களில் சொல்லி முடிக்க வேண்டும். மதிப்பெண் கிடையாது, ஒன்று முதல் நான்கு வரை நிலைதான். நான்குதான் உச்சம்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கருத்துக்கு என்ன பஞ்சம்? நாய்களையும் பள்ளிக்கூடத்துக்குள் விட வேண்டும் என்று ஒருத்தன் எழுதினான். முதல் காரணம், நாய் இருந்தால் யாரும் அழ மாட்டார்கள். இரண்டாவது, மிச்சச் சாப்பாடு வீணாகாது. மூன்றாவது, என் நாய்க்கு வீட்டில் தனியாக இருக்கப் பயம். நான்காம் நிலை கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எரிச்சலாக வந்தது. இவனுடைய நாய்க்குக்கூட மூன்று காரணம் இருக்கிறது. எங்கள் லயத்தில் கூரை ஒழுகியபோது ஒரு காரணம்கூட நாங்கள் சொன்னதில்லையே என்றுதான்.

3

எங்கள் லயத்தில் எழுத்து என்றால் மனு. ஜெபப் புத்தகத்தை விட்டால் நான் சின்ன வயதில் பார்த்த எழுத்தெல்லாம் அதுதான். குழாயில் தண்ணீர் வரவில்லை, மனு. ஆஸ்பத்திரிக்கு ஜீப் வேண்டும், மனு. மனு எழுதித் தருவதற்கென்றே ஒருவர் உண்டு. தங்கராஜ் அண்ணாச்சி. தொழிற்சங்கத்துக்காரர். தமிழிலும் எழுதுவார், மலையாளத்திலும் எழுதுவார். எந்த மொழியில் எழுதினாலும் ஒரே குரல்தான். 'ஏழைத் தொழிலாளிகளாகிய எங்கள்பேரில் மனமிரங்கி' என்று ஆரம்பித்து, 'தங்களின் கருணையையே நம்பியிருக்கும்' என்று முடியும்.

நான் அபிஷா அளவு இருக்கும்போது எங்கள் வரிசையில் கூரைத் தகடு பறந்துவிட்டது. ஆடி மாதத்துக் கர்க்கடக மழை. படுக்கிற இடமெல்லாம் ஈரம். அந்தக் கூரையைச் சரிசெய்துகொடுக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு, அது சட்டம். மனுவில் அந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. அண்ணாச்சி பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, எஸ்டேட் மேனேஜர் துரையின் பங்களாவுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். புறப்படும்போது வரிசையாக எங்கள் காலைப் பார்த்தார்.

"ஏ செலினு, செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வா."

"அட்ட கடிக்குமே அண்ணாச்சி?"

"கடிக்கட்டும். தொர பாத்தா எரக்கம் வரணும்ல?"

வெறுங்காலோடு போனோம். இரக்கம் வந்தது. துரை ஒரு தார்ப்பாயைக் கொடுத்தனுப்பினார். கூரை கேட்டுப் போனவர்கள் தார்ப்பாயை வாங்கிக்கொண்டு கைதட்டிவிட்டு வந்தோம். அட்டை கடித்த இடத்தில் அம்மா சுண்ணாம்பு தடவினாள். இதை நினைத்து நான் உருகவில்லை. ஊரை நினைத்துக் கண்ணீர் விடுகிற கட்டுரைகள் இங்கே வாராவாரம் வருகின்றன, அவற்றைப் படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். எனக்கு இன்றைக்கும் நினைத்தால் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

4

தமிழ் மீடியத்தை மூடப்போகிறார்கள் என்று இந்த வருஷம் ஓணம் கழிந்ததும் மைனி சொன்னார். லில்லி என்று பேர். கொழுந்து கிள்ளுகிற வேலை.

"பிள்ளைக கொறஞ்சு போச்சாம் செலினு. அண்ணாச்சி மனு எழுதிக்கிட்டு இருக்காக. ஒன்னும் கவலப்படாதன்னு சொல்லுதாக."

மனு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இந்தத் தடவை மனு வேண்டாம் மைனி. பிள்ளைகளே எழுதி, பிள்ளைகளே வாசிக்கட்டும். நான் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றேன்.

அப்படித்தான் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தது. எனக்குக் காலை, அவர்களுக்குப் பொழுது சாய்கிற நேரம். லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது. மேட்டில் மாதா குருசடி என்கிற சின்னக் கோயிலுக்குப் பக்கத்தில் போனால் கிடைக்கும். குருசடிப் படியில் மைனியின் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்துகொள்வார்கள். பனி இறங்கினால் எல்லா முகமும் மங்கிவிடும், குரல் மட்டும் வரும்.

முதல் வாரம், "தமிழ் மீடியம் வேண்டுமா, வேண்டாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்" என்றேன். ஒவ்வொருத்தராக வாசித்தார்கள். அத்தனை பேரும் ஒன்றுபோல ஆரம்பித்தார்கள். 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, ஏழைப் பிள்ளைகளாகிய நாங்கள்.' ஒருத்தி கடைசியில் தன் பெயருக்குக் கீழே பெருவிரல் ரேகைக்கு இடம்கூட விட்டிருந்தாள். லயத்தில் பிறந்த பிள்ளைகளைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. எனக்கு வந்ததே கோபம்.

"இது மனு. காரணம் எங்கே?" என்று கத்திவிட்டேன். இங்கே என் மகள் எஸ்தர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அதுதான் என் பாட்டு. இரக்கம் கேட்டால் அது மனு. ஏன் என்று சொன்னால்தான் அது கருத்து. 'நாங்கள் ஏழைகள்' என்பது காரணம் ஆகாது. 'வேறு வழியில்லை' என்பதும் காரணம் ஆகாது. சின்ன விஷயத்தில் பழக்கினேன். ராத்திரிக்குக் கப்பைக் கிழங்கா, கஞ்சியா? ஒரு பயல், "அம்மா எது வச்சாலும் திம்பேன் டீச்சர்" என்றான். "உனக்கு எதுடா வேணும்?" என்றால் தலையைக் குனிந்துகொள்கிறான். கப்பைதான் வேண்டும் என்று சொல்வதற்கே அவனுக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. 'ஏனென்றால் கஞ்சி சீக்கிரம் பசித்துவிடும்' என்று அவன் எழுதிக் காட்டியபோது நான் இங்கே மேசையைத் தட்டினேன்.

அபிஷா மட்டும் சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஆனால் கேள்வி கேட்டே என்னைப் பிழிந்துவிடுவாள்.

"அத்தை, எல்லாரும் மூடக் கூடாதுன்னுதான் எழுதணுமா?"

"அப்படி இல்லையே. உன் கருத்து எதுவோ அதை எழுது."

"நீங்க நெனக்கிறது மாதிரி இருக்க வேண்டாமா?"

"வேண்டாம். காரணம் சரியா இருந்தாப் போதும்."

எவ்வளவு தாராளமாகச் சொன்னேன், பாருங்கள்! மூடலாம் என்று ஒரு பிள்ளை எழுதும் என்று கனவிலும் நினைக்கவில்லை. இங்கே பன்னிரண்டு பிள்ளைகள் நாய் வேண்டும் என்பார்கள், எட்டுப் பிள்ளைகள் வேண்டாம் என்பார்கள். அங்கேயும் அப்படி ஆகலாம் என்று ஓர் ஆசிரியைக்குத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை.

"எஸ்தர் அக்காவும் எழுதுறாகளா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எஸ்தருக்குத் தமிழ் வாசிக்க வராதும்மா. பேசினால் கொஞ்சம் புரியும்" என்றேன்.

"ஏன் அத்தை?"

"நேரம் இல்லை, அதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். அபிஷா தலையை ஆட்டிக்கொண்டாள். அவளுக்குக் காரணம் கேட்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

5

கூட்டம் நடந்த அன்றைக்கு விடியற்காலையில் போன் அடித்தது. மைனிதான்.

"ஒம் மருமக பண்ணுன காரியத்தக் கேளு செலினு. ஊரு முன்னாடி மானத்த வாங்கிட்டா."

"என்ன மைனி, வாசிக்கலையா?"

"வாசிச்சா. வாசிச்சதுதான் வென. மூடிருங்கன்னு வாசிச்சா."

எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மைனி முதலிலிருந்து சொன்னார்.

காலையில் அண்ணாச்சி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார். இப்போது வயதாகிவிட்டது, லயத்துப் பிள்ளைகளுக்குத் தாத்தா. மனுவும் ஒரு பக்கம் தயாராக இருந்திருக்கிறது. வழக்கம்போல எல்லார் காலையும் பார்த்திருக்கிறார். அபிஷா காலில் நான் அனுப்பிய சப்பாத்து.

"ஏ பாப்பா, அதக் கழட்டிட்டு வா."

"எதுக்கு தாத்தா?"

"ஆபீசருக்கு எரக்கம் வரணும்ல."

"அது காரணம் இல்லையே தாத்தா."

கழற்றவில்லையாம். இதைச் சொல்லும்போது மைனிக்கே சிரிப்பு எட்டிப் பார்த்தது. அப்புறம் அவள் எழுதியதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். அப்படியே கீழே தருகிறேன், ஓர் எழுத்தும் நான் திருத்தவில்லை.

'எங்கள் பள்ளியில் தமிழ் மீடியத்தை மூடலாம் என்பது என் கருத்து. முதல் காரணம், எங்களுக்கு டீச்சர் இல்லை. ஜூனில் வந்த டீச்சர் ஓணத்துக்கு முன்னாலேயே போய்விட்டார். அடுத்து வந்த டீச்சருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நாங்கள்தான் அவருக்குப் பாடத்தை வாசித்துக் காட்டினோம். இரண்டாவது காரணம், பெரிய வகுப்புக்குப் போனால் எல்லாப் பாடமும் மலையாளத்தில்தான் நடத்துகிறார்கள். என் அண்ணன் ஆல்பின் ஒன்றும் புரியாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டான். இப்போது குமுளியில் ஏலக்காய் மூட்டை தூக்குகிறான். மூன்றாவது காரணம், தமிழ் மீடியம் வேண்டும் என்று சொல்கிற பெரியவர்கள் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை அதில் சேர்ப்பது இல்லை. தங்கராஜ் தாத்தாவின் பேரன் வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகிறான். எனக்கு இந்தப் பத்தி எழுதச் சொல்லித்தந்த செலின் அத்தை கனடாவில் இருக்கிறார். அவருடைய மகள் எஸ்தர் அக்காவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே டீச்சர் இருக்கிற வகுப்புக்கு எங்களை அனுப்ப வேண்டும் என்பதே என் கருத்து.'

வாசித்து முடித்ததும் அதிகாரி மட்டும் கைதட்டியிருக்கிறார். மலையாளத்துக்காரர் என்றாலும் தமிழ் நன்றாகப் புரியும்போல. "குட்டி தன்னெ பறஞ்ஞல்லோ" என்று தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பிச் சொன்னாராம். பிள்ளையே சொல்லிவிட்டாளே, அப்புறம் என்ன என்பது அதற்கு அர்த்தம். தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவளுக்குப் பரிசாகவும் கொடுத்திருக்கிறார். மற்ற பிள்ளைகள் எழுதி வைத்திருந்ததை அவர் கேட்கவே இல்லை. மனுவை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஜீப் ஏறிப் போய்விட்டார்.

"அண்ணாச்சி என்ன சொன்னாக தெரியுமா? 'ஒங்க கனடாக்காரி பிள்ளையக் கெடுத்துட்டா'ன்னு சொல்லிட்டுப் போறாக. கொழாயடில ஒருத்தியும் எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல. ஒங்கண்ணன் சோறு திங்காமப் படுத்துட்டாக."

"அபிஷா எங்க?"

"பேனாவ வச்சிக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கா. 'அத்தை சொன்னபடிதானம்மா எழுதுனேன்'ங்கா. நான் என்னத்தச் சொல்ல?"

6

இப்போது கோபத்தைப் பங்குவைக்கிறேன்.

முதல் பங்கு அந்த அதிகாரிக்கு. டீச்சர் இல்லை என்று ஒரு பிள்ளை சொல்கிறாள். அதைக் கேட்ட மனுஷனுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டாமா? டீச்சரை அனுப்ப வேண்டியது யார்? தமிழ் வாசிக்கத் தெரியாதவரைத் தமிழ் வகுப்புக்குத் தினக்கூலிக்கு அனுப்பியது யார்? பிள்ளைகள் குறைந்துபோனதற்கு எது காரணமோ, அதை உண்டாக்கியவர்களே வந்து, பிள்ளைகள் குறைவு என்று மூடப்போகிறார்கள். கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் வீட்டையே இடித்துவிடலாம் என்கிற நியாயம் இது. என் வகுப்பில் எட்டு வயசுப் பையன் இப்படி எழுதினால் முதல் நிலைகூடக் கொடுக்க மாட்டேன். இவர் கைதட்டுகிறார், பேனா கொடுக்கிறார். அந்தப் பேனாவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. துரை கொடுத்தனுப்பிய தார்ப்பாய் இப்போது பேனாவாகி வந்திருக்கிறது.

இரண்டாவது பங்கு அண்ணாச்சிக்கு. பேரனை வேனில் ஏற்றிவிட்டு, ஊரான் பிள்ளையின் செருப்பைக் கழற்றச் சொல்கிறவர் அவர். அபிஷா சொன்னது பொய் என்று அவரும் சொல்லவில்லை, கூட்டத்தில் வேறு யாரும் சொல்லவில்லை. சொன்னதுதான் குற்றம்.

மூன்றாவது பங்கு, ஒளிக்காமல் சொல்கிறேன், அபிஷாவுக்கு. ஆமாம், பத்து வயசுப் பிள்ளைமேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. என் பெயரை ஏனடி இழுத்தாய்? நான் என்ன ஓடியா வந்தேன்? தமிழ் மீடியத்தில் படித்து, தமிழ் மீடியத்தில் பாடம் நடத்தி, அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு இங்கே மேஜை துடைத்தவள் நான். சனிக்கிழமை தோறும் உனக்காக உட்கார்ந்தவள். இதையெல்லாம் மனசுக்குள் அவளிடம் கத்திக்கொண்டே பாத்திரம் கழுவினேன். ஒரு தட்டு உடைந்தது.

சத்தம் கேட்டு எஸ்தர் வந்தாள். என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்கும் அபிஷாவுக்கும் இரண்டு வயசுதான் வித்தியாசம். போனைத் திறந்து பத்தியைக் காட்டினேன். வாசிக்கத் தெரியாது என்பது காட்டின பிறகுதான் நினைவுக்கு வந்தது. வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் பெயர் வந்த வரியை விழுங்கிவிடலாமா என்று பார்த்தேன். விழுங்கவில்லை, அதையும் சொன்னேன்.

எஸ்தர் விரல் மடக்கி எண்ணினாள். "கருத்து தெளிவா இருக்கு. மூணு காரணம் இருக்கு. எல்லாத்துக்கும் எடுத்துக்காட்டு இருக்கு. நீங்க இதுக்கு நாலாம் நிலை கொடுத்தாகணும்மா" என்றாள், இதையும் ஆங்கிலத்தில்தான். குரலில் நக்கல் ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து காரணம் சொல்லி வளர்ந்த பிள்ளை, அவளுக்கு இது ஒரு பாடம்.

"ஒருவேளை அவ சொன்னது தப்புன்னு நீங்க நெனச்சா, பதில் எழுதுங்க" என்றும் சொன்னாள்.

7

எழுதினேன். நாலாம் நிலை ஆசிரியை எழுதுகிற பதில் எப்படி இருக்க வேண்டும்? முதல் வரி சட்டென்று வந்தது. 'தமிழ் மீடியத்தை மூடக் கூடாது என்பது என் கருத்து.'

முதல் காரணமும் வந்தது. டீச்சர் இல்லை என்பது டீச்சரைக் கேட்பதற்குக் காரணம், வகுப்பை மூடுவதற்குக் காரணம் இல்லை. இரண்டாவதும் வந்தது. பெரிய வகுப்பில் மலையாளம் என்றால், அந்தப் பெரிய வகுப்பிலும் தமிழ் கேட்போம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆல்பினைப் பின் பெஞ்சில் உட்கார வைத்தது தமிழ் இல்லை, தமிழில் நடத்தாத வாத்தியார்கள். இரண்டையும் எழுதியபோது கை சூடாக இருந்தது. சரியான அடி கொடுத்துவிட்டோம் என்று இருந்தது.

அவளுடைய மூன்றாவது காரணத்துக்கு வந்தேன். பேனா நின்றுவிட்டது. எஸ்தருக்கு ஏன் தமிழ் சொல்லித்தரவில்லை? நேரம் இல்லை என்று எழுதி அடித்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நேரம் இருந்ததே. இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லை என்று எழுதி அதையும் அடித்தேன். சனிக்கிழமை வகுப்பு நடந்தது பள்ளிக்கூடத்திலா? அதே மேசையில், அவளுக்குக் கைக்கு எட்டுகிற தூரத்தில்தானே? அவளுக்கு அது எதற்கும் உதவாது என்று நான் நினைத்தேனா? அப்படி நினைத்திருந்தால் அபிஷாவுக்கு மட்டும் எதற்கு உதவும்? மேசையைக் குத்தினேன். எவ்வளவு கோபப்பட்டாலும் கோபத்திலிருந்து காரணம் பிறக்கவில்லை. வேலைக்குப் போகிற நேரம் ஆகிவிட்டது, எதையோ எழுதிப் பத்தியை முடித்துப் படம் பிடித்து அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. குருசடிப் படியில் அபிஷா மட்டும் உட்கார்ந்திருந்தாள். மற்றப் பிள்ளைகளை வீட்டில் விடவில்லையாம். பின்னால் மைனி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றார். அபிஷா காலில் அந்தச் சப்பாத்துதான். அதிகாரி கொடுத்த பேனா சட்டைப் பையில் இல்லை, எங்கே என்று நான் கேட்கவில்லை.

"அத்தை, கோவமா?"

"ஆமா."

"எம்மேலயா?"

"எல்லார்மேலயும். நீ வாசி."

நான் எழுதியதை மைனியின் போனில் பார்த்து அவளே சத்தமாக வாசித்தாள். முதல் காரணத்துக்குத் தலையை ஆட்டினாள். இரண்டாவதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இது நல்லா இருக்கு அத்தை, நான் இத யோசிக்கல" என்றாள். மூன்றாவதுக்கு வந்தாள். 'மூன்றாவதாக, தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் உழைத்துவரும் ஏழைத் தொழிலாளிகளாகிய எங்கள் பிள்ளைகள் தாய்மொழியை இழந்துவிடாதபடி, பெரியவர்கள் மனமிரங்கி' என்று வாசித்துக்கொண்டே போனவள் நடுவில் நிறுத்திவிட்டாள்.

அவள் வாசிக்கக் கேட்டபோதுதான் நான் எழுதியது என் காதில் விழுந்தது. தங்கராஜ் அண்ணாச்சியின் குரல். கையெழுத்து மட்டும் என்னுடையது.

பனி இறங்கி அவள் முகம் பாதி மறைந்துவிட்டது. மரியாதை குறையாமல், கொஞ்சம் தயங்கித்தான் கேட்டாள்.

"அத்தை, இது மனுல்ல? காரணம் எங்க?"

பக்கத்தில் எஸ்தர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். அபிஷா என்ன கேட்கிறாள் என்று என்னைக் கேட்டாள். ஆங்கிலத்தில் சொன்னேன்.